அக்காவைக் கூப்பிடாத கூட்டம்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று ஒருவர் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னும் ரெண்டு விரல் நீளம் வேண்டுமாம். ஏற்கெனவே கணுக்காலுக்குக் கீழே துணி குவிந்து கிடக்கிறது. "சார், இதுக்கு மேல விட்டா தெருவைக் கூட்டுவீங்க" என்றேன். முறைத்தார். நான் பாட்டுக்குக் குறைத்து மடித்துக் குண்டூசி குத்தினேன். போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார். இருபது வருஷமாக ஆல்டரேஷன் பார்க்கிறேன். யாருக்கு எது பொருந்தும் என்று அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

இடுப்புதான் உயிரை வாங்குகிறது. டாக்டர் தேதி கொடுத்துவிட்டார், ஏப்ரல் இருபது. வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைப்பார்கள். அப்புறம் ரெண்டு மாதம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. தம்பியை யார் பார்ப்பது? நாற்பத்துமூன்று வயசு. பிறவியிலேயே புத்தி வளர்ச்சி மெது. அப்பா அம்மா போன பிறகு அவனும் நானும்தான். காலையில் வேன் வந்து, இவனைப் போன்றவர்களுக்கான பகல்நேர சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போகும். மாலையில் அவன் வீடு திரும்பும்வரை எனக்கு மூச்சு சீராக வராது.

நலத்துறை ஆபீசிலிருந்து ஒரு பெண் வரப்போகிறாளாம், நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இவனுக்கு என்ன ஏற்பாடு என்று திட்டம் போட. எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஏற்பாடு. வீட்டோடு தங்க ஒரு உதவியாளர். அவ்வளவுதான்.

சாயங்காலம் அவனை உட்கார வைத்துப் பழைய பாடத்தைத் திரும்ப ஓட்டினேன். முன்பு ஒரு அதிகாரி வந்து கேட்டபோது, நெஞ்சை நிமிர்த்தி "நானே குளிப்பேன், நானே சட்டை போடுவேன்" என்று பீற்றிக்கொண்டான். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்ததை அந்த மனிதர் கவனிக்கவே இல்லை. தானே எல்லாம் பார்த்துக்கொள்கிறவனுக்கு உதவி எதற்கு என்று அடுத்த மாதம் வேனை நிறுத்திவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்குவதற்குள் என் செருப்பு தேய்ந்துபோனது. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரே பாடம். அக்கா பக்கத்தில் இருப்பாள், ஆபீஸ்காரர்கள் எது கேட்டாலும் "தெரியாது".

"உன் பேர் என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"தெரியாது."

"பேரைச் சொல்லலாம்டா."

விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

மார்ச் 5, வியாழன்

வந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. பை நிறைய வண்ணப் பேனா. தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான் என்பதற்காகத் தானும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது போதாதென்று அவனை "சார்" என்கிறாள். இவன் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"சார், உங்களுக்கு என்னெல்லாம் பிடிக்கும்?"

"மீன் படம் போட்ட புத்தகம் பிடிக்கும். பழைய பாட்டு பிடிக்கும். கூட்டம்னா ஆகாது" என்றேன் நான்.

"அவரே சொல்லட்டும்க்கா."

அவன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "தெரியாது" என்றான்.

டீ போடத் தெரியுமா, தெரியாது. தனியாகத் தெருவைக் கடப்பீர்களா, தெரியாது. உங்கள் நண்பர் யார், தெரியாது. எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரிய பாடாகிவிட்டது. நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டான் என் தம்பி.

போகும்போது அந்தப் பேனாக்காரி சொன்னாள், "அவரை நடுவுல வச்சுத்தான் எல்லாத்தையும் யோசிக்கணும்க்கா. இது அவரோட திட்டம்." இத்தனை வருஷம் நான் அவனை எங்கே வைத்திருந்தேன், பரண்மேலா?

அடுத்து ஒரு கூட்டம் போடுவார்களாம். அவனுக்குப் பழக்கமானவர்கள் எல்லாருடைய படத்தையும் ஒரு பெட்டியில் போட்டு அவனிடம் கொடுப்பார்கள். யார் படத்தை எடுத்து மேசையில் வைக்கிறானோ அவர்கள் மட்டும் கூட்டத்துக்கு வரலாம். என்னையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். தலைகூட வாரியிருக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பேனாக்காரி கடைக்கு போன் பண்ணினாள். இவன் எதற்குமே தெரியாது என்று சொன்னதால், உதவியாளரை நம்பி வீட்டில் விட முடியாது என்று மேலதிகாரிகள் சொல்கிறார்களாம். ஊருக்கு வெளியே இருக்கிற முழுநேரப் பராமரிப்பு இல்லம்தான் சரி என்று பேச்சு.

அந்த இல்லத்தை நான் பார்த்திருக்கிறேன். வாசல் கேட்டில் பூட்டு. சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் ஒரே நிற டம்ளர்.

எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டேனா? வேன் போய்விடுமே என்று பயந்து சொல்லிக்கொடுத்தால், ஆளையே தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். போனில் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் இத்தனை வருஷமும் பொய்யா என்று கேட்க மாட்டார்களா? கேட்டால் நான் என்ன சொல்ல?

சரி. கூட்டம் இருக்கிறதே. அதில் நான் உட்கார்ந்து விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். அவனுக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று என்னைவிட்டால் யாருக்குத் தெரியும்?

மார்ச் 12, வியாழன்

நம்ப முடியவில்லை. கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை.

பேனாக்காரி பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். தம்பி ஒவ்வொரு படமாக எடுத்தான், நிதானமாக. முதலில் வேன் டிரைவர். மேசைமேல் வைத்தான். அடுத்து எங்கள் தெருமுனை லாண்டரிக்காரர். சென்டர் விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் இவன் அங்கேதான் போய் உட்காருவான். மேசைமேல். அப்புறம் சென்டரில் இவனோடு இருக்கிற அந்தத் தொளதொளா. எப்போதும் ரெண்டு சைஸ் பெரிய சட்டை போடுகிற ஆள், பார்க்கும்போதெல்லாம் தோளைப் பிடித்துத் தைத்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரக்கும். அவரும் மேசைமேல். அப்புறம் பல் டாக்டர். பல் டாக்டர். வருஷத்துக்கு ஒரு தரம் வாயைத் திற என்று சொல்கிறவர்.

அப்புறம் என் படம் வந்தது.

ரொம்ப நேரம் பார்த்தான். சட்டை நுனியால் துடைத்தான். துடைத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடியைப் போட்டான்.

"அக்கா வேணாமா சார்?" என்று அவளே கேட்டாள்.

"வேணாம்."

அவ்வளவு தெளிவாக அவன் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

மார்ச் 13, வெள்ளி

பேசவில்லை. அவனோடும் இல்லை, கடையிலும் இல்லை. ஒரு சட்டைக்கு ரெண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

பேனாக்காரியை வரவழைத்து இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். அந்தப் படத்தில் நான் பேய் மாதிரி இருந்தேன், அதனால்தான் பயந்துவிட்டான், வேறு படம் வையுங்கள் என்று சண்டை போட்டேன். அவளும் பொறுமையாக வேறு படம் வைத்தாள். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அதையும் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

பால் டம்ளரைக் கழுவும்போது அழுகை வந்துவிட்டது. நான் என்னடா பண்ணேன் உனக்கு? ஜுரத்துல கிடந்தப்போ யாரு முழிச்சுக்கிட்டு இருந்தா, பல் டாக்டரா?

இவனுக்கு என்னைப் பிடிக்கவில்லையா? பிடிக்காமலேயே இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டானா?

மார்ச் 19, வியாழன்

நாளைக்குக் கூட்டம். நீலச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னான். போட்டுக்கொடுத்தேன். "நாளைக்கு நீ கடைக்கு போக்கா" என்றான். நல்லவன் மாதிரி சிரிப்பு வேறு.

கடைக்குப் போவதாவது. லீவு சொல்லியாகிவிட்டது.

மார்ச் 20, வெள்ளி

எழுத வேண்டும். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

சென்டருக்குப் போய்க் கூட்டம் நடக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பேனாக்காரி எட்டிப் பார்த்தாள், திட்டவில்லை. உள்ளே போய் அவனிடமே கேட்டாள். "அக்கா வெளியில பெஞ்சுல உக்காரலாமா சார்?"

"வெளியில உக்காரலாம்."

"கதவு கொஞ்சம் திறந்திருக்கலாமா?"

"கொஞ்சம்."

பல் டாக்டர் நிஜமாகவே வந்திருந்தார். அவரை ஏன் கூப்பிட்டீர்கள் என்று அவள் கேட்டதற்கு இவன் சொன்ன பதில், "வலிச்சா கையைத் தூக்குன்னு சொன்னாரு. நான் தூக்கினேன். நிறுத்திட்டாரு."

அப்புறம் இவன் பேசினான். என் தம்பிதான் பேசினான், குரல் அதுதான், இல்லாவிட்டால் வேறு யாரோ என்றுதான் நினைத்திருப்பேன். லாண்டரியில் தினமும் துண்டு மடிப்பது இவன்தானாம். நான் என்னமோ அங்கே சும்மா உட்கார்ந்து மெஷின் சுற்றுவதை வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்திருந்தேன். "முதலாளி கை வச்சா ஓரம் பிசகாதுங்க. என் கடையில இவர்தான் முதலாளி" என்றார் லாண்டரிக்காரர். டீ போடுவானாம். அதுவும் அவருக்குச் சர்க்கரை இல்லாமல், தனக்குச் சர்க்கரை போட்டு. வெள்ளைத் துணிக்கு மெஷின் குமிழை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியுமாம். வேன் பழுதான ஒரு நாள், தொளதொளாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிக்னலில் பச்சை வரும்வரை நின்று தெருவைக் கடந்து, பஸ் ஏறி வந்தார்களாம். "நான் பின்னாடியே வந்தேன், அது இவருக்குத் தெரியாது" என்றார் டிரைவர். இவன் சொன்னான், "தெரியும். பாத்தேன்."

அங்கே என்னால் உட்கார முடியவில்லை. சந்தோஷமா அதிர்ச்சியா, ஒன்றும் புரியவில்லை. இடுப்பு வலியையும் மறந்து எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். "டேய், இவ்வளவு தெரியுமாடா உனக்கு?"

துண்டை எப்படி மடிப்பது என்று கையால் காற்றில் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கை அப்படியே மடிமேல் இறங்கியது. முகம் வெறுமையாகிவிட்டது.

பேனாக்காரி மெதுவாகக் கேட்டாள். "சொல்லுங்க சார், துண்டு எப்படி மடிப்பீங்க?"

"தெரியாது."

லாண்டரிக்காரர் சிரித்தார். "என்ன முதலாளி, இப்பத்தானே சொன்னீங்க. சரி, டீ எப்படி போடுவீங்க?"

"தெரியாது."

சிரிப்பு நின்றுவிட்டது. இவன் யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தான், சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரி. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வீட்டில் பாடம் ஓட்டும்போது பார்க்கிற அதே பார்வை.

பல் டாக்டர்தான் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

இவனே விளக்கமும் சொன்னான், அவளிடம், பொறுமையாக, அவளுக்குப் புரியாதோ என்கிற அக்கறையோடு. "அக்கா இருந்தா தெரியாதுன்னு சொல்லணும் மேடம். எனக்கு இன்னிக்கு தெரியும்னு சொல்லணும். அதான் கூப்பிடல."

எல்லார் முன்னாலும். அவன் மேல் ஒரு தப்பும் இல்லாமல்.

நான் வாயைத் திறந்து அத்தனையையும் சொல்லிவிட்டேன். வேன் நின்றது, பாடம், எல்லாம். கேட்பார்கள் என்று பயந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. "இனிமே நான் இருந்தாலும் தெரியும்னு சொல்லலாம்டா" என்றேன்.

"சரி" என்றான். "இன்னிக்கு வெளியில போறியா?"

போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். மனசு லேசாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். என்னைப் பிடிக்காமல் இல்லை, பாடம்தான் காரணம், இனி வீட்டுக்கு உதவியாளர் வந்துவிடுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உள்ளே பேனாக்காரி அந்தக் கேள்வியைக் கேட்டாள். உங்களுக்கு எங்கே இருக்கப் பிடிக்கும்?

"லாண்டரி மேல." லாண்டரிக்கு மேலே சின்ன வீடு ஒன்று காலியாக இருக்கிறது. அங்கே தொளதொளாவோடு இருக்க வேண்டுமாம். தனக்கென்று சாவி வேண்டுமாம். கூட ஒரு உதவியாளர் தங்கிக்கொள்ளலாமாம், ஆனால் குறட்டை விடக் கூடாதாம்.

"அக்கா ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம் வீட்டுக்கு வந்துடுவீங்களா சார்?"



"ஞாயித்துக்கிழமை வருவேன்."

மார்ச் 21, சனி

ஞாயித்துக்கிழமை.

மார்ச் 24, செவ்வாய்

பேனாக்காரி கடைக்கே வந்துவிட்டாள். பூட்டு போட்ட இல்லம் இனி இல்லை, அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் லாண்டரி வீட்டுக்கு, பாதுகாவலர் என்ற முறையில் நான் சம்மதிக்க வேண்டும். நான் முடியாது என்றால் முடியாதுதான்.

முடியாது என்றேன்.

அவள் எழுந்து போகவில்லை. மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். "சரிக்கா. என்னென்ன பயம்னு சொல்லுங்க. அதையும் திட்டத்துல சேத்துக்கறேன்."

சேர்த்துக்கொள்கிறாளாம். எனக்கு வந்ததே கோபம். கேஸை அணைக்க மறப்பான். யார் வந்து மணி அடித்தாலும் கதவைத் திறந்து உள்ளே வா என்பான். மழையில் நனைந்தால் உடனே நெஞ்சுச் சளி. மாத்திரையைச் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டுப் பூந்தொட்டியில் போடுவான். ஒவ்வொன்றுக்கும் அவள் ஏதாவது வழி சொன்னாள். கரண்ட் அடுப்பு வைக்கலாம், தானே அணைந்துவிடும். கதவில் பார்க்கிற ஓட்டை வைத்து, படத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் திறக்கப் பழக்கலாம். பூந்தொட்டி விஷயத்துக்கு மட்டும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"வேற என்னக்கா?"

"அவன் போயிட்டா நான் அந்த வீட்டுல என்ன பண்ணுவேன்?"

இது என் வாயிலிருந்துதான் வந்தது. குண்டூசி டப்பா கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் ஊசி. குனிய முடியவில்லை. அவள்தான் பொறுக்கினாள், ஒவ்வொன்றாக.

மார்ச் 25, புதன்

அவனிடமே நேராகக் கேட்டேன். நான் மட்டும்தான் இருந்தேன், ஆபீஸ்காரர் யாரும் இல்லை. "என்னை விட்டுட்டு போறியாடா?"

"ஆமா" என்றான். அப்புறம், "நீ அழுதா நான் ரெண்டு ஞாயித்துக்கிழமை வரேன்" என்றான்.

சரி என்று பேனாக்காரிக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்தேன். நல்லவேளை, உடையவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

அவன் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கத் துணி வாங்கப் போனோம். நான் சாம்பல் நிறத்தில் ஒன்று எடுத்தேன், அழுக்கு தெரியாது. அவன் கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு. கடைக்காரரே என்னைப் பாவமாகப் பார்த்தார்.

ஆரஞ்சுதான் தைத்துக்கொண்டிருக்கிறேன். மெஷினுக்கே கண் கூசும்.

ஏப்ரல் 18, சனி

போய்விட்டான். வேனில். முன் சீட்டில் தொளதொளா, மடியில் அவருடைய தலையணை. இவன் கழுத்தில் கயிறு கட்டிச் சாவியைத் தொங்கவிட்டிருந்தான். கையசைக்கவில்லை, மறந்துவிட்டான். டிரைவர்தான் அசைத்தார்.

திரும்பி வந்து பழக்கதோஷத்தில் ரெண்டு பேருக்கு அரிசி களைந்துவிட்டேன்.

ஏப்ரல் 23, வியாழன்

ஆஸ்பத்திரி. மூட்டு மாற்றியாயிற்று. எழுந்து நிற்க வைக்கிறார்கள், நடக்க வைக்கிறார்கள். உயிர் போகிறது. தம்பி வந்தான். கால்மாட்டில் கிடந்த போர்வையைப் பிரித்து ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்துக் கொடுத்தான். நர்ஸ் அவனைப் பார்த்து, "நீங்க எந்த வார்டு ஸ்டாஃப்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் அமைதியாக "லாண்டரி" என்றான்.

கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. வேலை இருக்கிறதாம்.

மே 3, ஞாயிறு

வந்தான்.

மே 10, ஞாயிறு

வந்தான். டீ போட்டுக் கொடுத்தான். குடித்துப் பார்த்து ஆடிப்போனேன், நான் போடுவதைவிட நன்றாக இருக்கிறது. இத்தனை வருஷம் என் டீயைக் குடித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே, திருடன்.

மே 24, ஞாயிறு

வரவில்லை. உதவியாளர் போன் பண்ணினார், ரெண்டு பேரும் படம் பார்க்கப் போயிருக்கிறார்களாம். நன்றாக இருக்கட்டும். திட்டுவதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை. வாசல் பக்கம் எத்தனை தரம் போய்ப் பார்த்தேனோ.

ஜூன் 14, ஞாயிறு

காலையில் அவனே போன் பண்ணினான். "இன்னிக்கு நீ வா."

ஊன்றுகோலோடு மெதுவாக நடந்து போனேன். லாண்டரி பக்கத்தில் செங்குத்தாக மாடிப்படி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடிக் கம்பி. ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு படி ஏறியதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மேலே கதவு திறந்தது. முதலில் ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறான் போல, "அக்காதான், அக்காதான்" என்று உள்ளே யாரிடமோ சொல்வது கேட்டது.

இறங்கி வந்தான். ஓடி வந்து தூக்கப்போகிறான், இடுப்பு போச்சு என்று பயந்து பின்வாங்கினேன். அவன் எனக்கு மேலே ஒரு படியில் நின்றுவிட்டான். ரெண்டு கையையும் தன்னோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எந்தக் கையைப் பிடிக்கணும்?"

ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் பிடித்துத் தூக்கினார்கள், நடத்தினார்கள். இதை ஒருத்தரும் கேட்கவில்லை. நான் யோசித்தேன். அவன் அவசரப்படுத்தாமல் நின்றான். கீழே லாண்டரியில் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"இடது கை" என்றேன். "வலது பக்கம் கம்பி இருக்கு."

ஊன்றுகோலை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது கையைப் பிடித்தான்.